அப்பா கம்ப்யூட்டர் என் கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்ல: மூணு வாரம் மல்லுக்கட்டுன பதிவு

நேத்து ராத்திரி பத்தே முக்காலுக்கு கீழ இருக்கற அப்பா கம்ப்யூட்டர் மாடில என் ஸ்கிரீன்ல தொறந்துச்சு. மூணு ஞாயித்துக்கிழமை முழுசா இதுக்கே போச்சு, நடுவுல வேலை முடிச்சு வந்து ராத்திரி உக்காந்தது தனி. மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடறேன். நான் தேடுனப்போ கெடச்சதெல்லாம் இந்த செட்டிங்க ஆன் பண்ணுங்க, அந்த சர்வீச ஸ்டார்ட் பண்ணுங்கன்னு துண்டு துண்டாத்தான் இருந்துச்சு, எதை மொதல்ல பாக்கணும் எதை அப்புறம் பாக்கணும்னு ஒருத்தரும் சொல்லல, அந்த வரிசை தெரியாததாலதான் எனக்கு மூணு வாரம் ஆச்சு.

எங்க வீடு பாளையங்கோட்டைல. கீழ அப்பா அம்மா, மாடில நாங்க. அப்பா போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, 71 வயசு. தாத்தா கொழும்புல கடைல இருந்தப்போ ஊருக்கு எழுதுன லெட்டர், பழைய கல்யாண போட்டோ, நெலப் பத்திரம் எல்லாத்தையும் ஒரு வருஷமா ஒக்காந்து ஸ்கேன் பண்ணிட்டு இருக்காரு. 300 டிபிஐ, கலர், டிஃப் ஃபைல், ஒரு பக்கம் ஏறக்குறைய 25 எம்பி. இதுவரைக்கும் 41 ஜிபி. அவரோட ஹார்டுடிஸ்க் 2016ல போட்டது, எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால பேக்கப் என் கம்ப்யூட்டர்ல. அதுக்கு அவரு பென்ட்ரைவ எடுத்துட்டு மாடி ஏறி வருவாரு. முழங்கால் வலிய வச்சிக்கிட்டு கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொரு படியா ஏறி வர்றத பாத்துட்டுத்தான் இத எப்படியாவது சரி பண்ணிடணும்னு உக்காந்தேன். கேட்டா "சவத்த விடும்மா, நான் கொண்டாந்து தாரேன்"ம்பாரு.

இருக்கற சாமான் இதுதான். கீழ விண்டோஸ் 10 டெஸ்க்டாப், ஃபைபர் மோடம் அவர் டேபிளுக்கு மேலயே செவுத்துல இருக்கறதால கேபிள்ல கனெக்ட் ஆயிருக்கு. மாடில என்னோட விண்டோஸ் 11 ப்ரோ டெஸ்க்டாப். வைஃபை தளத்தத் தாண்டி மேல வரலன்னு 2021ல மாடிக்கு ஒரு தனி ரவுட்டர் வாங்கி மாட்டினோம், மோடத்துல இருந்து வெளிச்செவுத்து வழியா ஒரு கேபிள் மேல வந்து அதுல சேருது. லினக்ஸ் மின்ட் போட்ட ஒரு பழைய லேப்டாப்பும் உண்டு. வீட்டுக்காரரோட லேப்டாப் ஆபீஸ் குடுத்தது, அதத் தொடல.

மொதல் ஞாயிறு பண்ணது எல்லாமே தப்பு. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல நெட்வொர்க்க கிளிக் பண்ணேன், நெட்வொர்க் டிஸ்கவரி ஆஃப்ல இருக்குன்னு சொல்லிச்சு, ஆன் பண்ணேன், என் கம்ப்யூட்டர் மட்டும் தெரிஞ்சுது. கீழ போயி அங்கயும் அதே, அவரோடது மட்டும் தெரிஞ்சுது. ரெண்டுலயும் நெட்வொர்க் ப்ரொஃபைல் பப்ளிக்னு இருந்துச்சு, பிரைவேட்டா மாத்துனேன். இது பண்ண வேண்டியதுதான், பப்ளிக்ல இருந்தா விண்டோஸ் பஸ் ஸ்டாண்டு வைஃபைல இருக்கற மாதிரி நெனச்சு தன்னை யாருக்கும் காட்டாது. ஆனா அதுக்கப்புறமும் ஒன்னும் வரல. வீடியோ பாத்து எஸ்எம்பி 1ஐ ரெண்டுலயும் ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன். வரல. அப்புறம் வெளிய இருந்து வர்றத மறிக்கற ஃபயர்வாலையே மொத்தமா ரெண்டுலயும் ஆஃப் பண்ணிட்டு ஒரு சாயங்காலம் பூரா அப்படியே வச்சிருந்தேன். அப்பவும் வரல.

இந்த எஸ்எம்பி 1 பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இன்னிக்கும் பாதி பேரு மொதல்ல சொல்ற வைத்தியம் இதுதான். அது பழைய ஃபைல் ஷேரிங் முறை. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு, ஃபைலப் பூட்டிட்டுக் காசு கேக்கற ஒரு ரான்சம்வேர் உலகம் பூரா பரவுச்சே, அது உள்ள பூந்தது இதுல இருந்த ஓட்டை வழியாத்தான். அந்த வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709ல இருந்து, புதுசா போடற விண்டோஸ்ல இது பழையபடி முழுசா தானா வர்றதில்ல. பழைய நெட்வொர்க் லிஸ்ட் இத நம்பித்தான் ஓடிட்டு இருந்துச்சு, இது போனதும் லிஸ்டும் போச்சு, அதனாலதான் இத ஆன் பண்ணா வரும்னு சொல்றாங்க. இப்போ லிஸ்ட் வர்ற வழியே வேற, அத பின்னால சொல்றேன். நான் மறுநாளே ரெண்டுலயும் ஆஃப் பண்ணிட்டேன், அப்பாவோட நெலப் பத்திரம் இருக்கற மெஷின்ல அந்தக் கதவத் தொறந்து வைக்க மனசு வரல.

ரெண்டாவது வாரம் நடுவுல ஒரு ராத்திரி, மளிகைக் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல ரெண்டு கம்ப்யூட்டரோட ஐபியும், அதாவது நெட்வொர்க்ல அதோட வீட்டு நம்பர், எழுதுனேன். கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சா வர்றது. அப்பா: 192.168.1.7. நான்: 192.168.0.103. எழுதி வச்சிட்டு ரெண்டு நாள் அதப் பாத்துட்டே இருந்திருக்கேன், கண்ணுல படல. மூணாவது எண்ணு. ஒன்னுல 1, இன்னொன்னுல 0. ரெண்டும் வேற வேற நெட்வொர்க். ஒரே வீடு, ஒரே இன்டர்நெட் பில்லு, ஆனா ரெண்டு தெரு.

போயி மாடி ரவுட்டர் பின்னால பாத்தா, கீழ இருந்து வர்ற கேபிள் நீலக் கலர் வான் போர்ட்ல, அதாவது இன்டர்நெட் உள்ள வர்ற எடத்துல, சொருகி இருக்கு. அப்போ மாட்டிக் குடுத்தவர் இன்டர்நெட் வந்தா போதும்னு அப்படி மாட்டிட்டுப் போயிட்டாரு, இன்டர்நெட்டுக்கு அது போதும், அதனால நாலு வருஷம் யாருக்கும் தெரியல. அப்படி மாட்டுனா மாடி ரவுட்டர் தனக்குன்னு ஒரு தனி நெட்வொர்க் உண்டாக்கி, அதுக்கும் கீழ் நெட்வொர்க்குக்கும் நடுவுல கேட்டு போட்டு நிக்கும். மேல இருந்து கீழ போறத விடும், கீழ இருந்து தானா மேல வர்றத விடாது. கம்ப்யூட்டருங்க "நான் இங்க இருக்கேன்"னு கத்தற சத்தம் ரெண்டு பக்கமும் தாண்டாது. மொத வாரம் ஃபயர்வால ஆஃப் பண்ணதும் எஸ்எம்பி 1 போட்டதும் ஏன் பிரயோஜனப்படலன்னு அப்பத்தான் புரிஞ்சுது, சத்தமே வந்து சேராத எடத்துல காத எவ்வளவு தொறந்து வச்சாலும் என்ன பண்றது.

சரி பண்றது சுலபம்தான், ரவுட்டரா இருக்கறத, தனி நெட்வொர்க் உண்டாக்காம கீழ் நெட்வொர்க்கையே மேல குடுக்கற வெறும் அக்சஸ் பாயின்டா மாத்தணும். சில மாடல்ல அதுக்குன்னே ஒரு மோடு இருக்கு, ஒரு கிளிக். எங்களோடதுல இல்ல, கையாலதான் பண்ணணும். மூணு வேலை: ரவுட்டரோட சொந்த ஐபிய கீழ் மோடத்தோட வரிசைக்கு மாத்தறது, டிஎச்சிபிய (கம்ப்யூட்டருங்களுக்கு ஐபி குடுக்கற வேலை) ஆஃப் பண்றது, கேபிள வான் போர்ட்ல இருந்து புடுங்கி வீட்டுக் கம்ப்யூட்டருங்க சேர்ற லான் போர்ட்ல போடறது. நான் வரிசைய மாத்தி டிஎச்சிபிய மொதல்ல ஆஃப் பண்ணி சேவ் குடுத்துட்டேன். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆச்சு, என் கம்ப்யூட்டருக்கு ஐபி குடுக்க ஆள் இல்ல, 169.254ல ஆரம்பிக்கற ஒரு நம்பர தானே வச்சிக்கிச்சு. அந்த நம்பரப் பாத்தா ஒன்னே ஒன்னுதான் அர்த்தம், ஐபி கேட்டேன் யாரும் குடுக்கலன்னு. ரவுட்டர் பேஜ் தொறக்கல. ரீசெட் பட்டன அமுக்க பின் ஊசிய எடுத்துட்டுப் போனேன், அப்புறம் ஒரு யோசன வந்து என் கம்ப்யூட்டர்ல கையாலயே 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0ன்னு போட்டுப் பாத்தேன், பேஜ் தொறந்துச்சு. ரவுட்டர் ஐபிய 192.168.1.2ன்னு மாத்துனேன், கேபிள மாத்தி சொருகுனேன், என் கம்ப்யூட்டர திரும்ப ஆட்டோமேட்டிக்ல போட்டேன். அதுக்கு முன்னாடி கீழ் மோடத்துல ஐபி குடுக்கற வரிசை 2ல இருந்து ஆரம்பிச்சுட்டு இருந்தத 20ல இருந்து ஆரம்பிக்க மாத்தி வச்சேன், இல்லன்னா வேற எதாவது போனுக்கு அதே 1.2 போயி ரெண்டும் மோதிக்கும்.

இப்போ எனக்கு 192.168.1.23. அப்பாவுக்கு ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் 192.168.1.21. ஒரே தெருவுக்கு வந்தாச்சு. சந்தோஷமா நெட்வொர்க் ஜன்னலத் தொறந்தா அதே காலி.

இங்கதான் நான் வழிய மாத்திக்கிட்டேன். லிஸ்டப் பாக்கறத அன்னையோட நிறுத்திட்டேன். லிஸ்ட்ல தெரியறது வேற, போயி சேர முடியறது வேற. லிஸ்ட்ல தெரியாத கம்ப்யூட்டர ஐபி அடிச்சா நேரா தொறக்க முடியும், லிஸ்ட்ல தெரியற கம்ப்யூட்டர் தொறக்காமயும் இருக்கும். அதனால அடியில இருந்து வரணும்: மொதல்ல கம்பி, அப்புறம் ஐபி, அப்புறம் பிங் (இருக்கியான்னு கூப்புட்டு பதில் வருதான்னு பாக்கறது), அப்புறம் போர்ட் (கேபிள் சொருகறது இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் நம்பர் போட்ட கதவு), அப்புறம் பாஸ்வேர்டு, கடைசியாத்தான் லிஸ்ட்.

கம்பில ஆரம்பிச்சேன். அப்பா கம்ப்யூட்டர விட்டுட்டு மோடத்தையே நூறு தடவ பிங் பண்ணேன், 192.168.1.1. நூத்துல 23 போச்சு. வீட்டுக்குள்ள கேபிள்ல ஒன்னுகூட போகக் கூடாது. மாடி ரவுட்டர்ல இருந்து கேபிளக் கழட்டி நேரா என் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தேன், ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வர வேண்டிய எடத்துல 100 எம்பிபிஎஸ்னு காட்டுச்சு, அப்பப்ப அதுவும் விட்டுப் போச்சு. வெளிய போயி கேபிளத் தடவிட்டே வந்தேன். சன்ஷேடுக்கு மேல, கொய்யாக் கிளை ஒரசுற எடத்துல, ஒரு சாண் நீளத்துக்கு மேல்தோல் இல்ல. அணில். உள்ள பிரவுன் ஜோடில ஒன்னு சுத்தமா அறுந்து, பச்ச ஜோடில செம்பு தெரியுது, அந்த எடம் பச்ச பூத்து இருந்துச்சு. போன மழைக்காலத்துல நெட்டு விட்டு விட்டு வந்ததுக்கு கம்பெனிக்காரங்களுக்கு எத்தன தடவ போன் பண்ணிருப்பேன், அது இதுதான்.

புதுசா வெளியில போடற கேட் 6 கேபிள் 18 மீட்டர் வாங்குனேன், மீட்டர் 28 ரூபா, 504. கேபிள் முனைல கனெக்டர அமுக்கிப் பொருத்தற கிரிம்பிங் டூல் 380, ஆர்ஜே 45 கனெக்டர் பத்து 60, டெஸ்டர் 250, 20 எம்எம் பிவிசி பைப் ரெண்டு 180. மொத்தம் 1374 ரூபா. ஆளக் கூப்பிட்டா ஒருவேள இதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும், ஆனா டூல் நம்மகிட்டயே இருக்கட்டும்னு தோணுச்சு.

கிரிம்ப் பண்றதுல ஒரு தப்பு பண்ணேன், அது வேற யாருக்கும் வரக் கூடாதுன்னுதான் இத விரிவா எழுதறேன். கேபிளுக்குள்ள நாலு ஜோடி, ஒவ்வொன்னும் முறுக்கி இருக்கும். முறுக்கப் பிரிச்சு எட்டையும் நீவி விட்டு வரிசையா வச்சு ஒரே மட்டமா வெட்டணும். நான் ஜோடி ஜோடியா வச்சேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். பாக்க அழகா இருந்துச்சு. ரெண்டு முனையும் அப்படியே. டெஸ்டர் போட்டா 1ல இருந்து 8 வரைக்கும் வரிசையா பச்ச லைட்டு எரியுது, எனக்கு ஒரே பெருமை. பைப்புல விட்டு கிளாம்ப் அடிச்சு முடிச்சிட்டு கம்ப்யூட்டர்ல சொருகுனா ஒரு நிமிஷம் ஜிகாபிட், அப்புறம் 100, அப்புறம் விட்டுப் போகுது. பிங்ல நூத்துக்கு 9 போகுது. அரை நாள் மோடம் போர்ட்ட மாத்தி மாத்திப் பாத்தேன்.

கடைசில கடையில ரெடிமேடா வாங்குன ஒரு சின்ன நெட்வொர்க் கேபிள எடுத்து, அதோட கனெக்டரையும் நான் போட்ட கனெக்டரையும் டேபிள் லைட்டுக்குக் கீழ பக்கத்துல பக்கத்துல புடிச்சுப் பாத்தேன். ரெண்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ள கலர் தெரியும். கிளிப்பு கீழ்ப் பக்கம் இருக்கற மாதிரி புடிச்சு எடதுல இருந்து எண்ணுனா, அதுல நாலாவது நீலம், என்னோடதுல நாலாவது பச்சை. அதோட வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்ச ஜோடி நடுவுல நீல ஜோடிய விட்டு 3லயும் 6லயும் உக்காருது. சிக்னல் போறது 1-2, 3-6, 4-5, 7-8ன்னு ஜோடியா, ஒரே ஜோடில போற ரெண்டு கம்பியும் ஒன்னோட ஒன்னு முறுக்கி இருந்தாத்தான் பக்கத்து ஜோடியோட எரைச்சல் இதுல ஏறாது. நான் போட்டதுல 3 பச்ச ஜோடில இருந்து, 6 நீல ஜோடில இருந்து, ரெண்டுக்கும் முறுக்கு சம்பந்தமே இல்ல. 250 ரூபா டெஸ்டர் இந்த முனைல இருந்து அந்த முனைக்கு கரன்ட் போகுதான்னு மட்டும்தான் பாக்கும், முறுக்கு தப்பா இருக்கறது அதுக்குத் தெரியாது. ரெண்டு முனையையும் வெட்டி திரும்பப் போட்டேன். மேல்தோல் கனெக்டருக்குள்ள வரைக்கும் போயி கிளிப்பு அதக் கடிச்சுப் புடிக்கணும், வெறும் கம்பி வெளிய தெரியக் கூடாது, இதுவும் ரெண்டு கனெக்டர் வீணான அப்புறம்தான் கைக்கு வந்துச்சு. ஜிகாபிட் நின்னுச்சு. நூத்துக்கு நூறு பிங் திரும்பி வந்துச்சு. அன்னைக்கு அதோட போதும்னு தூங்கப் போயிட்டேன்.

மூணாவது வாரம். மோடத்துக்கு பிங் போகுது, அப்பா கம்ப்யூட்டருக்குப் போகல. அவர் கம்ப்யூட்டர்ல இருந்து எனக்கும் வரல. என் பக்கம் பாத்தா ப்ரொஃபைல் திரும்பவும் பப்ளிக். மாடி ரவுட்டர மாத்துனதால கேட்வே (வெளிய போற வாசல்) மாறிடுச்சு, விண்டோஸ் இது புது நெட்வொர்க்குன்னு எடுத்துக்கிட்டு மறுபடியும் பப்ளிக்ல போட்டிருக்கு. பிரைவேட்டா மாத்துனதும் அப்பாவுக்கு என்னோடது பிங் ஆச்சு. எனக்கு அவரோடது ஆகல. பிங் வரலன்னா ஆளே இல்லன்னு அர்த்தம் இல்ல, ஃபயர்வால் பிங்குக்கு பதில் சொல்ல விடாமயும் இருக்கலாம், அதனால பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கமாண்ட போட்டு 445 போர்ட்டக் கேட்டேன், ஃபைல் ஷேரிங் நடக்கறது அந்த போர்ட்லதான். ஃபால்ஸ்னு வந்துச்சு. அப்போ நெசமாவே யாரோ மறிக்கறாங்க.

கீழ போயி கடிகாரம் பக்கத்துல இருக்கற சின்ன அம்ப கிளிக் பண்ணிப் பாத்தா ஒரு ஆன்டிவைரஸ் ஐகான். கம்ப்யூட்டர் வாங்கின கடையில ஒரு வருஷத்துக்குப் போட்டுக் குடுத்தது. வருஷம் முடிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு, வைரஸ் பாக்கறத நிறுத்திட்டு, ஆனா தன்னோட ஃபயர்வால மட்டும் விடாம ஓட்டிட்டு இருந்திருக்கு. நான் மொத வாரம் விண்டோஸ் ஃபயர்வால ஆஃப் பண்ணப்போ இது ஆன்லதான் இருந்துச்சு. அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணதும் விண்டோஸோட சொந்த டிஃபென்டர் தானா எந்திரிச்சுது. ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்க பிரைவேட்டுக்கு மட்டும் ஆன் பண்ணேன். மேல ஓடி வந்து 445 கேட்டா, ட்ரூ. அந்த ஒரு வார்த்தையப் பாக்க பதினெட்டு நாள் ஆச்சு.

இனிமே பாஸ்வேர்டு. எக்ஸ்ப்ளோரர் அட்ரஸ் பார்ல \\192.168.1.21ன்னு அடிச்சேன். யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டுச்சு. அப்பா கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டே கெடயாது. அவர் பேரப் போட்டு பாஸ்வேர்ட காலியா விட்டேன், காலி பாஸ்வேர்ட நெட்வொர்க் வழியா விட மாட்டேன்னுச்சு. சரின்னு அப்பா பக்கம் பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்க ஆஃப் பண்ணேன், எல்லா வீடியோலயும் சொல்றது இது. இப்போ என் விண்டோஸ் 11, உங்க நிறுவனத்தோட பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அக்சஸ மறிக்குதுன்னு ஒரு மெசேஜ் போட்டுச்சு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன நிறுவனம்னு ரொம்ப நேரம் குழம்பிட்டேன். நிறுவனம்லாம் இல்ல, விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2ல இருந்து பேரு ஊரு தெரியாம கெஸ்டா போறது தானாவே அடைச்சு வச்சிருக்கு. அத விண்டோஸோட உள் செட்டிங் எல்லாம் இருக்கற ரெஜிஸ்ட்ரில போயி தொறக்க வழி இருக்கு. நான் தொறக்கல, ஒழுங்கா ஒரு அக்கவுன்ட் உண்டாக்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

அப்பா கம்ப்யூட்டர்ல மாடின்னு ஒரு லோக்கல் அக்கவுன்ட், அதுக்கு ஒரு நீளமான பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்க திரும்ப ஆன் பண்ணேன். ஸ்கேன் ஃபோல்டர மட்டும் அந்த அக்கவுன்டுக்கு ஷேர் பண்ணேன். யூசர்நேம் கேக்கறப்போ வெறும் மாடின்னு போடாம முன்னால கம்ப்யூட்டர் பேரும் சேத்துப் போட்டேன். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்றவங்களுக்கு ஒரு விஷயம், தெனமும் போடற நாலு நம்பர் பின் இங்க எடுபடாது, அது அந்த மெஷினுக்கு மட்டும், இங்க கேக்கறது பாஸ்வேர்டு.

உள்ள போச்சு, ஃபோல்டர் தெரிஞ்சுது, கிளிக் பண்ணா அக்சஸ் இல்ல. ரெண்டு பூட்டு இருக்கு இதுக்கு. ஷேரிங் டேப்ல குடுக்கற அனுமதி ஒன்னு, செக்யூரிட்டி டேப்ல குடுக்கற அனுமதி ஒன்னு, ரெண்டுல எது கம்மியோ அதுதான் நடக்கும். நான் ஷேரிங்ல மட்டும் குடுத்திருந்தேன். செக்யூரிட்டிலயும் மாடிக்கு ரீட் மட்டும் குடுத்தேன், மேல இருந்து தப்பா எதையும் அழிச்சிடக் கூடாதுன்னு எழுத அனுமதி வேணும்னே குடுக்கல. நடுவுல வேற பேர்ல ட்ரை பண்ணது ஞாபகத்துல நின்னுக்கிட்டு ஒரே சர்வருக்கு ரெண்டு பேர்ல வரக் கூடாதுன்னு ஒரு எரர் வந்துச்சு, நெட் யூஸ் கமாண்ட்ல பழைய கனெக்‌ஷன எல்லாம் டெலிட் பண்ணதும் போயிடுச்சு. அப்புறம் தொறந்துச்சு. பத்தே முக்கால். வருஷ வாரியா அப்பா வச்சிருக்கற ஃபோல்டர் எல்லாம் வரிசையா, '1958 கொழும்பு' மொதல்ல.

நெட்வொர்க் லிஸ்ட் இப்பவும் காலிதான், ஆனா இப்போ அது எனக்குப் பெரிய விஷயமாத் தெரியல. இருந்தாலும் பாத்தேன். சர்வீசஸ்ல ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்னு ஒன்னு, கம்ப்யூட்டர் தன்னை மத்தவங்களுக்கு அறிவிச்சுக்கறது அதுதான், யுடிபி 3702 போர்ட்ல. கீழ அது மேனுவல்ல நின்னு ஓடாம இருந்துச்சு. ஆட்டோமேட்டிக்ல போட்டு ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷத்துக்குள்ள லிஸ்ட்ல வந்துடுச்சு. லினக்ஸ் மின்ட் லேப்டாப்புல, விண்டோஸோட ஃபைல் ஷேர் பண்ண உதவற சாம்பா ஏற்கெனவே இருந்துச்சு, ஐபி அடிச்சா தொறக்கும், லிஸ்ட்ல மட்டும் வராது. சாம்பா இந்தப் புது முறைல அறிவிக்காது, அதுக்கு டபிள்யூஎஸ்டிடின்னு ஒரு சின்ன பேக்கேஜ் தனியாப் போடணும். போட்டேன், வந்துச்சு.

41 ஜிபியும் ராத்திரியே இழுத்தேன், பதினாலு நிமிஷம். பழைய கேபிளோட 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 11 எம்பி மாதிரிதான் வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும். தெனமும் தானா நடக்க விண்டோஸ்லயே இருக்கற ரோபோகாப்பிங்கற காப்பி கமாண்ட போட்டிருக்கேன், சாயங்காலம் ஏழு மணிக்கு, அப்பா ஒம்பது மணிக்கு ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுப் படுத்துடுவாரு. இதுல ஒரு எச்சரிக்கை, நெட்ல இருக்கற உதாரணத்துல பாதிக்கு மேல மிர்ரர் ஆப்ஷன் போட்டிருப்பாங்க. அதப் போட்டா அப்பா கீழ தவறிப்போயி ஒரு ஃபோல்டர அழிச்சா மேல பேக்கப்லயும் சேந்து அழிஞ்சிடும். நான் சப்ஃபோல்டரோட சேத்து காப்பி மட்டும் பண்ற ஆப்ஷனத்தான் போட்டேன். அத நேரத்துக்கு ஓட்டற டாஸ்க் ஷெட்யூலர்ல, ஷேர் ஃபோல்டருக்கு ஒரு எழுத்து வச்சு இசட் டிரைவ்னு குடுத்தா சில நேரம் அதுக்கு அந்த டிரைவே தெரியாது, முழுப் பாதையையும் ஐபியோட குடுக்கணும். அதுக்காக மோடத்துல அப்பா கம்ப்யூட்டரோட மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட சொந்த நம்பர்) 1.21ஐயே நிரந்தரமா ஒதுக்கி வச்சேன், தெனமும் ஸ்லீப் போறதையும் நிறுத்துனேன், தூங்குற கம்ப்யூட்டரும் லிஸ்ட்ல தெரியாது.

அடுத்த தடவ இதே வேலையப் பண்ணா, கேபிள் ரெண்டா இழுப்பேன், பைப்புக்குள்ள எடம் இருந்துச்சு, 504 ரூபாதான் கூட ஆயிருக்கும், ஒன்னு போனா இன்னொன்னு. கொய்யாக் கிளைய மொதல்ல வெட்டிருப்பேன். மொத நாளே ரெண்டு கம்ப்யூட்டரோட ஐபியையும் ஒரே தாள்ல ஒன்னுக்குக் கீழ ஒன்னா எழுதிருப்பேன், நான் பக்கத்துல பக்கத்துல எழுதுனதாலதான் 1க்கும் 0வுக்கும் வித்தியாசம் கண்ணுல படலன்னு இப்பவும் நெனைக்கறேன். அப்பாவோட விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் முடிஞ்சு போச்சு, அந்த மெஷின் விண்டோஸ் 11க்கு ஏறாது, அதனால அதுல மின்ட் போட்டா ஸ்கேனர் வேலை செய்யுமான்னு பழைய லேப்டாப்ப வச்சு வர்ற ஞாயிறு பாக்கணும்.

லாகின் ஸ்கிரீன்ல புதுசா மாடின்னு ஒரு பேரு வந்தது அப்பாவுக்குக் கொஞ்சம் குழப்பம், அத அமுக்கக் கூடாதுன்னு ஒரு சின்னத் தாள்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டி வச்சிருக்கேன். இன்னைக்குக் காலைல ஒரு லெட்டர ஸ்கேன் பண்ணிட்டு படிக்கட்டுக்குக் கீழ நின்னு "ஏம்மா, வந்துட்டா?"ன்னு கூப்புட்டாரு. ஃபோல்டர ரெஃப்ரெஷ் பண்ணேன். வந்திருந்துச்சு.